'ஒண்ணும் இல்ல' என்று சொல்லும் அப்பாக்கள்... புராஸ்டேட் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நாள்கள்!

"ஆறு வாரம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் கொடுங்க. அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

டாக்டர் நிதானமாகத்தான் சொல்கிறார். அவருக்கு அது தினமும் யாரிடமாவது சொல்லும் வாக்கியம். கேட்டுக்கொண்டு எழுந்து வருகிறவருக்கோ, வாசலில் செருப்பை மாட்டும்போதே கணக்கு தொடங்கிவிடுகிறது. ஆறு வாரம் என்றால் 42 நாள். 42 இரவு.

நோய் என்று உறுதியாகிவிட்டால் உறவுகள் திரண்டு வரும். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகக் கூடம் நிறையும். நோய் இல்லை என்று தெரிந்துவிட்டால் பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்ற நிலைக்கு மட்டும் எந்தச் சம்பிரதாயமும் கிடையாது. யாரும் வந்து விசாரிப்பதில்லை. விசாரிக்க வழியும் இல்லை. பெரும்பாலான ஆண்கள் அதை யாரிடமும் சொல்வதே இல்லை.

புராஸ்டேட் புற்றுநோயா என்று பார்க்கத் தொடங்கும் ஒவ்வோர் ஆணும் இந்த இடைக்காலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். சிலருக்கு அது மூன்று வாரம். சிலருக்கு நான்கைந்து மாதம். அந்த நாள்கள் ஏன் இழுக்கின்றன, அவற்றில் எது நியாயமான காத்திருப்பு, எது ஆபத்தான தாமதம் என்று தெரிந்துகொண்டாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

அந்த எண் என்ன சொல்கிறது?

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். வயது ஏற ஏற இது பலருக்குப் பெரிதாகும். பெரிதாவது வேறு, புற்றுநோய் வேறு. இரவில் மூன்று, நான்கு முறை எழுந்து போவது, நின்று காத்திருந்தாலும் மெல்ல மெல்ல வருவது, போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு... இவை பெரும்பாலும் இந்தச் சாதாரண வீக்கத்தின் அடையாளங்கள்தான். ஆனால், தொடக்க நிலைப் புற்றுநோய் பலருக்கு ஓர் அறிகுறியும் காட்டாமல் இருக்கும். அதனால், உடம்பு சொல்வதை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துவிட முடியாது.

இங்கேதான் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை வருகிறது. புராஸ்டேட் சுரப்பி தயாரிக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு கசிந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை முதலில் 1986-ல் அனுமதித்தபோது, ஏற்கெனவே நோய் உறுதியானவர்களைக் கண்காணிப்பதற்காகத்தான் அனுமதித்தது. நோயைக் கண்டறிய உதவும் பரிசோதனையாக 1994-ல்தான் ஏற்றுக்கொண்டது.

பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டினால் லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் அடித்துத் தருவார்கள். அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்ததுமே பலருக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. ஆனால், 4 முதல் 10 வரை எண் இருப்பவர்களுக்குப் பயாப்ஸி செய்து பார்த்தால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது. மற்ற மூவருக்குச் சுரப்பி வீங்கியிருக்கலாம், கிருமித் தொற்று இருந்திருக்கலாம், சிறுநீர் அடைத்துக்கொண்டு குழாய் போட்டிருக்கலாம். அதேபோல, 4-க்குக் கீழே இருப்பதாலேயே நோய் இல்லை என்று உத்தரவாதமும் தர முடியாது.

சுருக்கமாகச் சொன்னால், புகை தெரிகிறது என்று மட்டும் சொல்லும் எண் அது. எரிவது அடுப்பா, கூரையா என்பதை உள்ளே போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உள்ளே போய்ப் பார்க்கும் வேலைக்குத்தான் இத்தனை நாள் ஆகிறது.

நாள் ஏன் இழுக்கிறது?

காத்திருக்கச் சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு காரணம் உண்டு. அது தெரியாதபோதுதான் 'நம்மை இழுத்தடிக்கிறார்கள்' என்ற எண்ணம் வருகிறது.

முதல் காத்திருப்பு, மறு பரிசோதனைக்கானது. சிறுநீர்த் தொற்று இருந்தால் பி.எஸ்.ஏ. எண் தாறுமாறாக ஏறும். மருந்து கொடுத்துத் தொற்றைக் குணப்படுத்திய பிறகும் அந்த எண் பழைய நிலைக்கு இறங்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். அவசரப்பட்டு அடுத்த வாரமே எடுத்தால் மறுபடியும் உயர்ந்த எண்தான் வரும், தேவையில்லாத பயாப்ஸியில் கொண்டுபோய் விடும். டாக்டர் கேட்கும் ஆறு வாரம் அதற்காகத்தான்.

இரண்டாவது, ஸ்கேனுக்கானது. இப்போது பல இடங்களில் பயாப்ஸிக்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். எந்த இடத்தில் சந்தேகம் என்று ஸ்கேன் காட்டினால், ஊசியை அங்கேயே குறிவைத்துச் செலுத்தலாம். சந்தேகமே தெரியாவிட்டால், சிலருக்குப் பயாப்ஸி இல்லாமல் கண்காணித்தாலே போதும் என்ற முடிவுக்கும் வரலாம். பயாப்ஸியை முதலில் செய்துவிட்டால், ஊசி பட்ட இடத்து ரத்தக் கசிவு ஸ்கேனைக் குழப்பும். அது ஆறும் வரை பல வாரம் பொறுக்க வேண்டும். ஆக, வரிசை மாறாமல் நடப்பதே நல்லது.

மூன்றாவது, பயாப்ஸிக்கானது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள் ஆகியோருக்கு முன்னேற்பாடுகள் தேவைப்படும். அந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா கூடாதா என்பதை இதய மருத்துவரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். தானாகவே நிறுத்துவது பெரிய ஆபத்து.

நான்காவது, பயாப்ஸி ரிப்போர்ட்டுக்கானது. இதுதான் மனதை அதிகம் வாட்டும் காத்திருப்பு. வழக்கமாக 10 முதல் 12 இடங்களில் நூல் போன்ற மெல்லிய துணுக்குகளை எடுக்கிறார்கள். சந்தேகமான இடத்தில் கூடுதலாகவும் எடுப்பதுண்டு. அவற்றை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி, நோய்க்குறியியல் மருத்துவர் ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு துணுக்கில் ஐயம் வந்தால், தனிச் சாயம் ஏற்றி மறுபடியும் பார்ப்பார். அதற்கு இன்னும் சில நாள்கள் ஆகும்.

ரிப்போர்ட் தாமதமானால், 'கெட்ட செய்தி என்பதால்தான் சொல்லத் தயங்குகிறார்கள்' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். தாமதத்துக்கும் முடிவுக்கும் அப்படி ஒரு தொடர்பும் இல்லை.

நோய் எவ்வளவு அவகாசம் தரும்?

காத்திருப்பவரின் மனதில் ஓடும் பெரிய கேள்வி இதுதான். 'நான் இங்கே தேதிக்கு உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அது உள்ளே பரவிக்கொண்டிருந்தால்?'

இந்தப் பயத்துக்குப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை பி.எஸ்.ஏ. பரிசோதனை மூலம் கண்டறியப்பட்டு, சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புராஸ்டேட் புற்றுநோய் இருந்த 1,643 ஆண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, மூன்றாவது பிரிவுக்கு உடனடி சிகிச்சை எதுவும் இல்லை, தொடர் கண்காணிப்பு மட்டும். 15 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முடிவு 2023-ல் வெளியானது. மூன்று பிரிவிலும் சேர்த்து, புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர். நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. பிரிவுகளுக்கு இடையே பெரிய வித்தியாசமும் இல்லை.

இவர்களுக்கு நோய் இருப்பது உறுதியாகத் தெரியும். தெரிந்தும், மூன்றில் ஒரு பங்கினர் உடனே கத்தி வைக்காமல் கண்காணிப்பில் இருந்தார்கள். அப்படியிருக்க, ஸ்கேன் தேதிக்காக மூன்று வாரம் காத்திருப்பதால் வாழ்க்கை கைநழுவிவிடாது என்று பெரும்பாலானவர்கள் தைரியமாக இருக்கலாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆய்வில், கண்காணிப்புப் பிரிவில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு மேல் நோய் உடலின் வேறு இடங்களுக்குப் பரவியிருந்தது. மற்ற இரு பிரிவுகளில் அது நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருந்தது. மெதுவாக வளரும் நோய் என்பதற்கு, கவனிக்காமல் விட்டுவிடலாம் என்று பொருளில்லை. எல்லாப் புராஸ்டேட் புற்றுநோயும் மெதுவானதும் அல்ல, வேகமாகப் பரவும் வகையும் உண்டு. பி.எஸ்.ஏ. எண் மிக அதிகமாக இருப்பவர்கள், விரலால் பரிசோதிக்கும்போதே சுரப்பி கல் போல் கெட்டியாகத் தட்டுப்படுகிறவர்கள், எலும்பு வலியோடு வருகிறவர்கள் ஆகியோருக்கு வாரக் கணக்கில் தேதி கொடுப்பது சரியல்ல. இவர்களை முன்னால் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை.

காத்திருப்பது வேறு, தள்ளிப்போடுவது வேறு

ஓய்வுபெற்ற ஒருவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பெயர் வேண்டாம், எந்தத் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

ஏதோ ஒரு முகாமில் ரத்தம் கொடுத்ததில் எண் 7-ஐத் தாண்டி வருகிறது. டாக்டர் மாத்திரை எழுதித் தந்து ஆறு வாரம் கழித்து வரச் சொல்கிறார். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்கிறார்.

"என்னங்க, டாக்டர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் இல்ல. வயசானா வர்றதுதானாம்."

ஃபைல் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போகிறது. ஆறாவது வாரம் பேத்திக்குக் காதுகுத்து. எட்டாவது வாரம் மச்சினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பிறகு ஆடி பிறந்துவிட்டது, 'ஆடி கழியட்டும்' என்று ஒரு மாதம். இதற்கிடையில் இரவில் எழுந்துபோவதும் கொஞ்சம் குறைந்தது போலத் தெரிகிறது. 'அதுதான் சரியாகிவிட்டதே' என்று மனம் ஒரு சமாதானத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. ஐந்து மாதம் ஓடிவிட்டது.

டாக்டர் கேட்ட ஆறு வாரம், காத்திருப்பு. அதற்கு ஒரு காரணம் இருந்தது, முடிவில் ஒரு தேதி இருந்தது. அதன் பிறகு ஓடிய மாதங்கள் வெறும் தள்ளிப்போடல். அவற்றுக்குக் காரணமும் இல்லை, தேதியும் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. பி.எஸ்.ஏ. பரிசோதனை வழக்கமாக எடுக்கும் பழக்கம் இல்லாத இந்தியாவில், பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். அதில் இந்த மாதிரி பீரோவுக்குள் போன ஃபைல்களுக்கும் பங்கு உண்டு.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. 'அடுத்த தேதி என்ன?' என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் அது காத்திருப்பு. பதில் இல்லாவிட்டால், உடனே எழுந்து போய் அந்தத் தேதியை வாங்கி வர வேண்டும்.

ஏன் சொல்வதில்லை?

ஆண்கள் இதை மறைப்பது நம் வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. லாயிட் ஆஸ்டின் அமெரிக்காவின் பாதுகாப்புத்துறைச் செயலாளராக இருந்தவர். 2023 டிசம்பர் 22 அன்று புராஸ்டேட் புற்றுநோய்க்காக அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன் சிக்கல்களால் 2024 ஜனவரி 1 அன்று மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் மருத்துவமனையில் இருப்பதே அதிபருக்கு ஜனவரி 4 அன்றுதான் தெரியவந்தது. என்ன நோய் என்பது 9-ம் தேதிதான் தெரிந்தது. பிப்ரவரி 1 அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்த ஆஸ்டின், அதிபரிடம் தானே சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பு கேட்டார். அத்தனை பெரிய ராணுவத்தை நிர்வகித்தவருக்கே இந்த வார்த்தை வாயில் வரவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நோய் இருக்கும் இடம் அப்படி. சிறுநீர் கட்டுப்படாமல் போய்விடுமோ, தாம்பத்தியம் முடிந்துவிடுமோ என்ற பயம் உள்ளே இருக்கும். அதைப் பிள்ளைகளிடம் சொல்ல முடியாது, மனைவியிடமும் தயக்கம். 'குடும்பத்தைத் தாங்கியவன் பாரமாகிவிடக் கூடாது' என்ற வீம்பு வேறு.

ஆனால், சொல்லாமல் விடுவதால் வீடு நிம்மதியாக இருப்பதில்லை. கணவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுவதையும், நடுராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருப்பதையும் மனைவி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். காரணம் தெரியாததால் அவர் இன்னும் மோசமாகக் கற்பனை செய்கிறார். கடன் பிரச்னையோ, பிள்ளையின் மீது கோபமோ என்று தவிக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் காத்திருக்கிறார்கள்.

எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டியதும் இல்லை. மனைவியிடம் சொல்லலாம். மகனோ மகளோ ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சொல்லலாம். "டாக்டருக்கு ஒரு சந்தேகம் இருக்கு. இன்னும் உறுதியாகல. இந்தத் தேதியில ஸ்கேன். நீயும் கூட வா." இந்த நான்கு வாக்கியம் போதும்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஒண்ணும் இருக்காது, சும்மா கவலைப்படாதீங்க" என்று உடனே மூடிவிடக் கூடாது. அது ஆறுதல் போலத் தோன்றினாலும், 'இனி இதைப் பற்றிப் பேசாதே' என்றுதான் அவர் காதில் விழும். "சரி, நானும் வர்றேன்" என்பது போதுமான ஆறுதல்.

காத்திருக்கும் நாள்களில் செய்யக்கூடியவை

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் நாள் நகராது. செய்வதற்கு உருப்படியான வேலைகள் சில இருக்கின்றன.

ஒரு ஃபைல் போட வேண்டும். பி.எஸ்.ஏ. எண்களைத் தேதியோடு ஒரே தாளில் எழுதி வைப்பது நல்லது. ஒரு தனி எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே டாக்டருக்கு உதவும். முடிந்தவரை ஒரே லேபில் பரிசோதிப்பது நல்லது, லேபுக்கு லேப் அளவுகள் சற்று வேறுபடும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்திய உறவையும், நீண்ட நேர சைக்கிள் பயணத்தையும் தவிர்க்கச் சொல்வார்கள்.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் சொல்ல வேண்டும். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கப்படும் ஃபினாஸ்டரைட், டூட்டாஸ்டரைட் மாத்திரைகளைச் சில மாதங்கள் தொடர்ந்து சாப்பிட்டால், பி.எஸ்.ஏ. எண் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதாவது, ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தாலும் உண்மையில் அது 6 அளவுக்குச் சமமாக இருக்கலாம். முடி கொட்டுவதற்காகச் சாப்பிடும் மாத்திரையிலும் ஃபினாஸ்டரைட் இருப்பதுண்டு. இதைச் சொல்லாமல் விட்டால், டாக்டர் எண்ணைத் தவறாகப் படிக்க நேரிடும்.

அப்பா, சித்தப்பா, அண்ணன் யாருக்காவது புராஸ்டேட் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் இருந்தாலும் சொல்வது நல்லது. சில குடும்பங்களில் ஒரே மரபணுக் கோளாறு இவை அனைத்துக்கும் காரணமாக இருக்கும்.

டாக்டரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளலாம். 'முடிவு எந்தத் தேதிக்குள் வரும்? அந்தத் தேதிக்குள் வராவிட்டால் யாரைக் கேட்பது? எனக்கு அவசரமா, சற்றுப் பொறுக்கலாமா?' மூன்றாவது கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற கூச்சம். கேட்டவருக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரும்.

சொன்ன தேதி தாண்டிவிட்டால் இரண்டு, மூன்று நாள் பார்த்துவிட்டு நேரில் போய்க் கேட்பதில் தவறே இல்லை. மாதிரியின் எண்ணையும் கொடுத்த தேதியையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். சண்டை போடத் தேவையில்லை, விடாமல் கேட்டால் போதும்.

பணத்தைப் பற்றியும் இந்த நாள்களிலேயே யோசித்துவிடலாம். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் முன்பே விசாரித்து, அட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவைப்பது பிற்பாடு பெரிய அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இரவு 2 மணிக்கு செல்போன் வேண்டாம்

பகல் எப்படியோ ஓடிவிடும். இரவுதான் நீளும். தூக்கம் கலைந்து எழுந்தவர் கைக்கு முதலில் அகப்படுவது செல்போன். தேடத் தொடங்கினால், பத்தாவது நிமிடத்தில் யாரோ ஒருவரின் கடைசிக் கட்டக் கதையில் போய் நிற்கும். அடுத்ததாக, ஒரே வாரத்தில் குணமாக்கும் மூலிகை வீடியோ. இரண்டுமே உதவாது. 'ஸ்கேனும் பயாப்ஸியும் வேண்டாம், இந்தக் கஷாயம் போதும்' என்று சொல்லும் வீடியோக்கள் பயத்தில் இருக்கும் மனிதருக்கு இனிக்கும். அதுவும் தள்ளிப்போடுவதன் இன்னொரு வடிவம்தான்.

எழும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டு, பகலில் டாக்டரிடம் கேட்கலாம். கவலைக்கென்று மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, அப்போது மனைவியிடமோ நண்பரிடமோ வாய்விட்டுப் பேசிவிடுவது பலருக்கு உதவுகிறது. காலை நடை, தோட்டத்துக்குத் தண்ணீர், கடைக்குப் போவது, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவது என்று வழக்கமான வேலைகளை நிறுத்தாமல் இருப்பது முக்கியம். 'ரிப்போர்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று வாழ்க்கையையே நிறுத்திவைத்தால், நோய் இருக்கிறதோ இல்லையோ, அந்த மாதங்கள் போய்விடும்.

தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். டெலி மனாஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416-ல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

இவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது

தேதி என்றைக்கு இருந்தாலும், சில அறிகுறிகள் வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சிறுநீர் முழுவதுமாக அடைத்துக்கொள்வது. முதுகுவலியோடு கால்கள் மரத்துப்போவது, வலுவிழப்பது, மலமோ சிறுநீரோ கட்டுப்படாமல் போவது. நோய் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை அழுத்தினால் இப்படி வரலாம். சில மணி நேரத் தாமதம்கூட நடக்கும் திறனைப் பறித்துவிடக்கூடும். பயாப்ஸி முடிந்த சில நாள்களில் குளிரும் காய்ச்சலும் வருவது, சிறுநீரில் கட்டி கட்டியாக ரத்தம் போவது. இவற்றுக்கு 108-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

பயாப்ஸிக்குப் பிறகு சில நாள்கள் சிறுநீர் லேசாகச் சிவந்து போவதும், சில வாரங்கள் வரை விந்தில் ரத்தக் கறை தெரிவதும் வழக்கமாக நடப்பதுதான். இதை முன்பே தெரிந்துகொண்டால் வீண் பதற்றம் இல்லை. இரவில் தூங்கவிடாத எலும்பு வலி, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை இருந்தால், குறித்த தேதிக்குக் காத்திராமல் முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

ரிப்போர்ட் கைக்கு வரும் நாள்

அன்றைக்குத் தனியாகப் போக வேண்டாம். பதற்றத்தில் இருப்பவர் காதில் முதல் வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் ஏறாது. கூட வருகிறவர் எழுதிக்கொள்ள வேண்டும்.

புற்றுநோய் என்று வந்தால் ரிப்போர்ட்டில் 'கிளீசன்' என்ற சொல் இருக்கும். அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் டொனால்ட் கிளீசன் 1960-களில் வகுத்த முறை அது. செல்கள் எந்த அளவுக்கு உருமாறியிருக்கின்றன என்று பார்த்து இரண்டு எண்களைக் கூட்டிச் சொல்வார்கள். '3 + 3 = 6' என்று இருப்பதைப் பார்த்து, பத்துக்கு ஆறு, பாதியைத் தாண்டிவிட்டது என்று இடிந்துபோகிறவர்கள் உண்டு. உண்மையில், இன்றைய வழக்கத்தில் பயாப்ஸி ரிப்போர்ட்டில் வரும் மிகக் குறைந்த மதிப்பே 6தான். அதிகபட்சம் 10. ஆறில் இருக்கும் பலருக்கு உடனடி சிகிச்சையே இல்லாமல் கண்காணிப்பை மட்டும் டாக்டர்கள் பரிந்துரைப்பார்கள். எட்டு, ஒன்பது என்றால் வேகம் கூடிய வகை. அடுத்த ஸ்கேன்களையும் சிகிச்சையையும் தாமதிக்கக் கூடாது.

சந்தேகம் இருந்தால் இரண்டாவது கருத்து கேட்கலாம். ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்கி, வேறொரு புற்றுநோய் மையத்தில் காட்டலாம். மறுபடியும் ஊசி குத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

புற்றுநோய் இல்லை என்று வந்தாலும் ஃபைலைத் தூக்கிப் பரணில் போட்டுவிடக் கூடாது. ஊசி படாத இடத்தில் ஏதாவது இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், அடுத்த பி.எஸ்.ஏ. எப்போது என்று கேட்டுக்கொண்டுதான் எழ வேண்டும்.

வீட்டில் அப்பாவோ, தாத்தாவோ, கணவரோ சமீபத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து 'ஒண்ணும் இல்ல' என்று சொல்லியிருந்தால், "டாக்டர் என்ன சொன்னார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பயனில்லை. அதற்கு அதே பதில்தான் வரும். "அடுத்து எப்போ வரச் சொன்னாங்க?" என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் சொல்லத் தயங்கினால், "ஃபைலைக் கொண்டாங்க, சேர்ந்தே பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம்.